எண்பத்துநாலு சதவீதம்

ஜன்னல் பக்கம் நானே இருந்துக்கிடுதேன் சார், தப்பா நெனைக்காதீங்க. எஞ்சட்டையில வாடை அடிக்கும். காத்துல கொஞ்சமாவது போவட்டும்னு பாக்கேன். நீங்க மதுரையில ஏறுனவரு. நான் காலையில பல்லடத்துல ஏறுனேன். இந்த சீட்டுல வந்து உக்காந்த ரெண்டு பேரு எந்திச்சிப் பின்னால போயிட்டாவ. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல, கைக்குட்டைய மூக்குல வச்சிக்கிட்டுப் போயிட்டாவ. கோழிப்பீ வாடை சார். நேத்து சாயங்காலம் ஒருக்கா குளிச்சேன், காலையில ஒருக்கா குளிச்சேன். போவல. மாத்துச் சட்டையும் அதே ரூம்லதான தொங்குச்சி, அதுலயும் ஏறிட்டு. சவம்.

நான் கோழி யாவாரி இல்ல. யுனிவர்சிட்டியில துணைப் பதிவாளர். எந்த யுனிவர்சிட்டின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். கவர்மென்ட் யுனிவர்சிட்டி, அம்புட்டுதான். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். தனுஷ்கோடி சார்னா வாட்ச்மேன்ல இருந்து துணைவேந்தர் வரைக்கும் தெரியும். ஒருத்தன்கிட்ட ஒரு பைசா கைநீட்டுனது கெடையாது. இன்னும் ஏழு மாசத்துல ரிட்டயர்மென்ட். அந்த ஏழு மாசத்த நிம்மதியா ஓட்டவிடாம ஆக்கிட்டா ஒரு பிள்ளை. இசக்கியம்மாள்னு பேரு. அந்தப் பேரச் சொன்னாலே எனக்குக் கொமட்டுது.

கேளுங்க. ஆறு வருஷமா எங்கிட்டதான் பிளேஸ்மென்ட் செல் இருக்கு. படிச்சி முடிச்சவன் எங்க போனான், என்ன வேலை பாக்கான், என்ன சம்பளம் வாங்குதான்னு வருஷாவருஷம் அறிக்கை குடுக்கணும். ரெண்டு நாள் வேலை. டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு காயிதம் அனுப்புவேன், அங்கயிருந்து ஒரு நம்பர் வரும், கூட்டிப் போடுவேன். கல்யாணம் ஆயிப் போன பிள்ளைன்னா ‘குடும்பத் தொழில்’. அப்பன் கடையில சும்மா உக்காந்திருக்கவனுக்கு ‘சுயதொழில்’. பரீட்சைக்குப் படிக்கேன்னு வீட்ல கெடக்கவனுக்கு ‘உயர்கல்வி’. இதுல என்ன பொய் இருக்கு, நீங்களே சொல்லுங்க? கல்யாணம் ஆனவளுக்குக் குடும்பம் இருக்கா இல்லையா? எண்பது வரும், எண்பத்திரண்டு வரும். துணைவேந்தர் கையெழுத்துப் போடுவாரு. யாருக்கும் ஒரு கஷ்டமும் கெடையாது.

இந்த வருஷம் மேல இருந்து ஒரு சுற்றறிக்கை வந்துது. கடைசி மூணு வருஷத்துல முடிச்சவன் ஒவ்வொருத்தனையும் போன்ல கூப்பிட்டுக் கேக்கணுமாம். ஆளுக்கு ஒரு வரின்னு கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம். சதவீதம், சம்பளம் எல்லாத்தையும் அதுவே கூட்டிக்கிடும். அட்மிஷனுக்கு முன்னால அந்த லிஸ்ட்ட அப்படியே, பேரோட, வெப்சைட்ல போட்டுரணும். பிள்ளையள சேக்குத தாய்தகப்பன் பாத்து முடிவு பண்ணட்டுமாம். எங்களுக்கு ஆயிரத்து நூத்தி நாப்பத்திரண்டு பேரு. யாரு கூப்பிடுவா? மூணு மாசத்துக்குத் தற்காலிகமா ஒரு ஆளு எடுத்தோம். அதான் அவ.

எம்.எஸ்சி. புள்ளியியல். எங்ககிட்டயே படிச்சவதான். நாங்குநேரிப் பக்கம் ஏதோ ஊரு. பாத்தா வாயில்லாப் பூச்சி கணக்கா இருப்பா. ஸ்டோர் ரூம்ல பழைய விடைத்தாள் கட்டுக்கு நடுவுல ஒரு மேசையப் போட்டுக் குடுத்தோம், ஒரு போனு. அவளும் அந்த லிஸ்ட்ல ஒரு வரிதான பாத்துக்கிடுங்க. தன் வரியில என்ன எழுதி வச்சிருந்தா தெரியுமா? ‘தற்காலிகம், மூன்று மாதம், பன்னிரண்டாயிரம்.’ அந்தத் திமிரு எப்படி இருக்கு?

கூப்பிட ஆரம்பிச்சா சார். கூப்பிட்டு, வேலை என்ன, சம்பளம் என்ன, ரெண்டு கேள்வி கேட்டுட்டு வச்சிர வேண்டியதுதான? கதை கேக்கா. ஒருத்தன் எம்.ஏ. வரலாறு, ஜவுளிக்கடையில சேலை எடுத்துப் போடுதான், காலு வீங்கிப் போச்சாம். அதைக் கேக்கா. ஒருத்தன் சாப்பாடு டெலிவரி, சிக்னல்ல நின்னுக்கிட்டே பேசுதான். ஒருத்தி, “அக்கா, மாமியா பக்கத்துல இருக்காவ, நீங்க கேளுங்க, நான் ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுதேன்”ங்கா. அதுக்கும் இவ பொறுமையா, “உங்களுக்கு வேலைக்குப் போக விருப்பம் இருக்கா?”ன்னு கேட்டு, “ஆமா”ன்னு எழுதுதா. அதுக்குன்னு ஒரு கட்டம் கெடையாது. இவளாப் பக்கத்துல குறிப்பு எழுதுதா! பகல்ல வேலையில இருக்கவன் எடுக்க மாட்டான்னு சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் உக்காந்து கூப்பிடுவா. சில நாள் கண்ணு செவந்து கெடக்கும். எனக்கு அந்த ரூம் பக்கம் போகவே அருவருப்பா இருக்கும். ஊர்ல உள்ள ஒப்பாரியெல்லாம் அங்கன வந்து கெடந்துது.

எண்ணூத்திப் பதினோரு பேரு பேசியிருக்காவ. ஒரு நாள் தாளை எடுத்துக்கிட்டு வந்து எம்மேசையில வச்சா. படிச்ச படிப்புக்கு வேலையில இருக்கது முப்பத்தொரு சதவீதம். சம்பளம் மாசம் பதினோராயிரத்து நானூறு.

“ஏம்மா, துபாய்ல ஒருத்தன் ரெண்டு லட்சம் வாங்குதாம்லா? அவனச் சேத்தா சராசரி ஏறுமே?”ன்னு கேட்டேன்.

“சேத்தா ஏறும் சார். ஆனா அவரு ஒருத்தரு வாங்குதத வச்சி மத்தவங்களும் வாங்குத மாதிரி ஆயிரும். எல்லாரையும் சம்பள வரிசையில நிறுத்துனா நட்ட நடுவுல ஒருத்தர் நிப்பாருலா, அவரு சம்பளம்தான் இது. இங்க சேருத பிள்ளை அவரைத்தான் தெரிஞ்சிக்கிடணும்.”

எனக்குப் பாடம் எடுக்கா! நான் பல்லக் கடிச்சிக்கிட்டு, “சரி, இதை எண்பதுக்கு மேல கொண்டுவா”ன்னேன். அவ நின்னா. அப்புறம், “சார், நான் கேட்டு எழுதுனது இது. மாத்துறதுன்னா நீங்க மாத்திக்கிடுங்க. சரிபார்த்தவர்ங்கிற எடத்துல எம்பேரு மட்டும் வேண்டாம்”னு பாஸ்வேர்ட ஒரு துண்டுத்தாள்ல எழுதி வச்சிட்டுப் போயிட்டா. சத்தம் போடல, எதுத்துப் பேசல. கத்தியிருந்தான்னா எனக்கு வசதியா இருந்திருக்கும்.

சனி ஞாயிறு ரெண்டு நாளும் நானே ஆபீஸ்ல உக்காந்தேன். ஒரு வரியத் தொறக்க, ‘வேலையில்லை’ய அழிக்க, ‘சுயதொழில்’னு போட, மூட. அடுத்த வரி. எந்த அதிகாரி சார் லீவு நாள்ல இப்படி உழைப்பான்? எனக்காகவா செஞ்சேன்? யுனிவர்சிட்டி பேருக்காகச் செஞ்சேன். அவ எழுதுன குறிப்பையெல்லாம் படிக்கக் கூடாதுன்னுதான் பாத்தேன். கண்ணு படிச்சிருது. ‘தந்தை இறந்ததால் ஆட்டோ ஓட்டுகிறார்.’ அழி. ‘நான்கு தேர்வு எழுதிவிட்டார், ஐந்தாவதுக்குப் படிக்கிறார், மணப்பெண் கிடைக்கவில்லை.’ அழி. ‘பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது கூப்பிட்டார்களே என்று நன்றி சொன்னார்.’ இத எதுக்கு எழுதுதா? அழி.

ஞாயித்துக்கெழமை மத்தியானம் இயற்பியலுக்கு வந்தேன். ஒரு வரி. ‘யுகேந்தர் த. ஐந்தாண்டு எம்.எஸ்சி. பணி: கோழிப்பண்ணை மேற்பார்வையாளர், பல்லடம். மாதம் 13,500. பேசிய நேரம் இருபத்திரண்டு நிமிடம். குறிப்பு: வீட்டில் தெரியாது, சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.’

எம்மவன் சார்.

ஒரே மவன், எங்க யுனிவர்சிட்டியிலயே படிச்சவன். ரெண்டு வருஷமா கோயம்புத்தூர்ல சாஃப்ட்வேர் கம்பெனியில இருக்கான். அப்படித்தான் எங்கிட்ட சொல்லியிருந்தான். ஃபெதர்லைன் சிஸ்டம்ஸ்னு கம்பெனி பேரு. மாசம் அம்பதாயிரம். நான் ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேன். பாளையங்கோட்டையில ஒரு பேங்க் மேனேஜரு, அவரு பொண்ணக் குடுக்கேன்னு வீடு வரைக்கும் வந்து காப்பி குடிச்சிட்டுப் போயிருக்காரு.

மொதல்ல, வேற எவனோ யுகேந்தர்னுதான் நெனச்சேன். பொறந்த தேதியப் பாத்தேன். அவனேதான். யாரோ எவளோ கேட்டாளேன்னு விளையாட்டாச் சொல்லியிருப்பான்னு மனசத் தேத்திக்கிட்டு வீட்டுக்குப் போனேன். வீட்டம்மாட்ட கேட்டேன். அவ வெண்டைக்கா நறுக்கிக்கிட்டு இருந்தா. தலையத் தூக்காமலே, “எனக்குத் தீவாளியில இருந்தே தெரியும்”னா. கத்தி நிக்கவே இல்ல. அப்போ வீட்ல தெரியாதுன்னா யாருக்குத் தெரியாது? எனக்குத் தெரியாது. ஒரு வீட்டுக்குள்ள என்னை எப்படி வச்சிருக்காவ பாருங்க.

அவனுக்குப் போன் பண்ணலையான்னு கேக்கீயளா? பண்ணி என்னத்தக் கேக்க? மறுபடி ஆபீசுக்குப் போனேன். கோழிப்பண்ணைய அழிச்சேன். ‘மென்பொருள் பொறியாளர், ஃபெதர்லைன் சிஸ்டம்ஸ், கோயம்புத்தூர், ஆண்டுக்கு ஆறு லட்சம்’னு அடிச்சேன். அந்த பேங்க்காரரு வெப்சைட்டப் பாப்பாருலா? எல்லாம் முடிச்சி மொத்தத்தப் பாத்தா, எண்பத்துநாலு சதவீதம்.

மறுநாள் அவளக் கூப்பிட்டேன். “அது யாருன்னு தெரிஞ்சேதான் எழுதுனியா?”

“தெரியும் சார். தகப்பனார் பேரு பாத்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல?”

“அவங்க சொல்ல வேண்டாம்னாங்க சார்.”

“இருபத்திரண்டு நிமிஷம் என்னம்மா பேசுனான்?”

அவ தரையப் பாத்துக்கிட்டே, “அது பாரத்துல கேக்காதது சார்”னா.

எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம். பாஸ்வேர்ட வெளியாளுக்குக் குடுத்தான்னு எழுதி, அன்னைக்கே கணக்க முடிச்சி அனுப்பிட்டேன். வெளியாளு யாருன்னு கேக்கீயளா? யாரோ, விடுங்க. அனுபவச் சான்று கேட்டு ரெண்டு தடவ வந்தா. குடுக்கல. இப்ப எங்க கேட்டுக்கு எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடையில நிக்கா. அட்மிஷன் பாரம் நிரப்பிக் குடுக்கா, இருபது ரூவாய்க்கு. படிச்சா வேலை கெடைக்குமான்னு கேக்கவங்களுக்கு மட்டும் உள்ளதச் சொல்லுதாளாம். தினமும் காலையில கார்ல உள்ள நுழையும்போது அந்த மூஞ்சியப் பாக்க வேண்டியிருக்கு. வணக்கம் வேற சொல்லுவா.

லிஸ்ட் வெளியாச்சி. பேப்பர்ல ஒரு பத்தி வந்துது. கேட்டுல பெரிய பேனர் வச்சோம், எண்பத்துநாலு சதவீதம்னு ஆளுயரத்துக்கு. கீழ, ‘எங்கள் மாணவர்கள் பணிபுரியும் நிறுவனங்கள்’னு வரிசையாப் பேரு. அதுல மூணாவது, ஃபெதர்லைன் சிஸ்டம்ஸ். துணைவேந்தரு என்னைக் கூப்பிட்டு, “தனுஷ்கோடி, இந்தக் கம்பெனிய அடுத்த வருஷம் கேம்பஸுக்குக் கூப்பிடுங்க”ங்காரு. சரிங்கய்யான்னேன். வேற என்னத்தச் சொல்ல?

இந்த வார ஆரம்பத்துல, அட்மிஷன் நேரம், ஒரு பொம்பள வந்தா. கோவில்பட்டி. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. கூட மக, பிளஸ் டூ முடிச்சவ, சுபஸ்ரீன்னு பேரு. நல்ல மார்க்கு. அந்தப் பொம்பள எங்க லிஸ்ட்டப் பிரிண்ட் எடுத்து நாலா மடிச்சி வச்சிருந்தா. இயற்பியல் பக்கத்துல, அதே வரியில, பேனாவால கோடு போட்டிருந்தா. எம்மவன் வரி.

“சார், பிள்ளைக்கு நர்சிங் சீட்டு வந்திருக்கு. தூத்துக்குடியில. வெள்ளிக்கெழமை அஞ்சு மணிக்குள்ள போயி சேந்துரணுமாம். இவ பிசிக்ஸ்தான் படிப்பேங்கா. இந்தாப் போட்டிருக்குலா, வருஷத்துக்கு ஆறு லட்சம்னு. இது நெசமா சார்? எங்களுக்குக் கேக்க ஆளு இல்ல. உங்களத்தான் கேக்கச் சொன்னாவ. நர்சிங்க விட்டுரலாமா?”

நான் என்ன செய்யட்டும்? ரூம்ல ரெண்டு புரொபசர் இருக்காவ. கிளார்க்கு இருக்கான். அந்தத் தாளு மேசை மேல கெடக்கு. “கவர்மென்ட் லிஸ்ட்டும்மா, பொய்யா போடுவோம்? சேத்துருங்க”ன்னேன். அந்தப் பொம்பள கையெடுத்துக் கும்பிட்டா சார். வெரல் நுனியெல்லாம் கருத்துக் கெடந்துது, தீக்குச்சி மருந்து பட்டு. அந்தக் கையோட கும்பிடுதா. நான் ஒரு பைல எடுத்துத் தொறந்து வச்சிக்கிட்டேன். யாரு இவள வரச்சொன்னது? கும்பிடச் சொன்னது யாரு? ஜெராக்ஸ் கடையில கேட்டிருந்தா அந்த மவராசி சொல்லியிருப்பாள்லா? அங்க கேக்காம நேரா எங்கிட்ட வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்?

அப்புறம்தான் பேங்க்காரரு போனு. “சம்பந்தி, வெப்சைட்ல பாத்தேன், ரொம்ப சந்தோஷம். அடுத்த வாரம் கோயம்புத்தூர் போறேன். அப்படியே மாப்பிள்ளையக் கம்பெனியிலயே பாத்துட்டு வந்துருதேன்.” ரெண்டு நாள் லீவு போட்டேன். நேத்து மத்தியானம் பல்லடத்துல போயி எறங்கினேன். அவன்கிட்ட சொல்லாமத்தான் போனேன். தேடிப் புடிக்கது ஒண்ணும் கஷ்டமா இல்ல. ஒரு டீக்கடையில, கோழிக் கம்பெனி யுகேந்தர்னு கேட்டேன். “சூப்பர்வைசர் சாருங்களா? இந்த நேரத்துக்கு சரோஜாம்மா பண்ணையில இருப்பாருங்க”ன்னு கையக் காட்டுனான்.

நீளமா ஒரு கொட்டகை. ஆயிரக்கணக்குல கோழி. உள்ள காலடி வச்சதும் கண்ணு எரியுது, மூக்கு எரியுது. எம்மவன் உள்ள நிக்கான். ரப்பர் பூட்ஸு, ஒரு கையில தராசு, ஒரு கையில வாளி. வாளியில செத்த கோழி. அஞ்சாறு. காலைப் புடிச்சித் தூக்கி எண்ணிக்கிட்டு இருக்கான். நான் வாசல்லயே குனிஞ்சி வாந்தி எடுத்தேன். அஞ்சு வருஷம் எம்.எஸ்சி. படிக்க வச்ச மவன் சார்.

பண்ணைக்காரம்மா ஓடி வந்து சொம்புல தண்ணி குடுத்தாங்க. “சாரோட அப்பாங்களா? வாங்க, வாங்க. புதுசா வரவங்களுக்கு அப்படித்தானுங்க இருக்கும். போன மாசம் கோழிக்குக் கழிச்சல் நோவு வந்து கொட்டகையே போயிருக்குமுங்க. தம்பிதான் மூணு நாளா இங்கயே கெடந்து காப்பாத்திக் குடுத்தாப்ல.” எனக்கு அந்தம்மா தொட்ட சொம்பத் தொடவே கூச்சமா இருந்துது. அவன் சிரிக்கான்.

வேலைய முடிச்சிட்டு ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். ஒத்த ரூமு. அவனே சோறு வடிச்சான். நான், பேங்க்காரரு வாராரு, யாராவது சிநேகிதன் கம்பெனியில ஒரு நாளைக்கு உக்காந்துக்கோ, அடையாள அட்டை ஒண்ணு ஏற்பாடு பண்ணிக்கோன்னேன்.

“வரட்டும்பா. இங்கயே வரட்டும். கொட்டகையக் காட்டுதேன்”ங்கான்.

“ஏல, விளையாடுதியா? லிஸ்ட்ல நீ சாஃப்ட்வேரு. உலகமே பாத்தாச்சி.”

“பாத்தேன்பா. நீங்கதான் எழுதுனீயன்னும் தெரியும்.”

“எப்படித் தெரியும்? அவ சொன்னாளா?”

“அந்தக்கா ஒண்ணும் சொல்லல. ஃபெதர்லைன்னு ஒரு கம்பெனியே கெடையாதுப்பா. வேலைக்குச் சேந்த மொத நாளு நீங்க போன் பண்ணி, என்ன கம்பெனின்னு கேட்டீய. சட்டையில ஒரு எறகு ஒட்டிக்கிட்டு இருந்துது. எறகுன்னா ஃபெதர், அதையே வாயில வந்தபடி சொன்னேன். உங்களுக்காக நான் செஞ்ச பேரு அது. உங்களத் தவிர வேற யாருகிட்டயும் சொன்னதே இல்ல.”

அவன் ரசத்த ஊத்திக்கிட்டே சொல்லுதான், “எங்க செட்டுல ஒம்போது பேரு எனக்குப் போன் பண்ணிட்டானுவ. மச்சான், உங்க கம்பெனியில ஆளு எடுக்காங்களாடான்னு. ஒருத்தன் அழுதான்பா. ரெண்டு வருஷமா வீட்ல இருக்கான்.”

அது அவனவன் தலையெழுத்துன்னேன். அப்புறம் கேட்டுட்டேன். கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். “அவகிட்ட இருபத்திரண்டு நிமிஷம் என்னத்தடா பேசுன?”

“பெருசா ஒண்ணுமில்ல. காலையில எத்தன மணிக்கு எந்திக்கணும், குஞ்சு வந்தா மொத வாரம் சூடு எவ்வளவு வைக்கணும், அதெல்லாம் கேட்டாங்க. செத்த கோழிய எதுக்கு எண்ணுதீங்கன்னு கேட்டாங்க. எண்ணலன்னா நோய் வந்திருக்கது தெரியாது, மிச்சமும் போயிரும்னு சொன்னேன். நீங்க போன் பண்ணுனா சம்பளம் ஏறிச்சான்னு கேப்பீய. என்ன வேலை பாக்கேன்னு என்னை யாரும் கேட்டதில்லப்பா.”

இது எப்படி இருக்கு பாத்தீயளா? வளத்து ஆளாக்குன அப்பன் கேக்கலையாம், எவளோ ஒருத்தி கேட்டாளாம். நான் எப்படிக் கேப்பேன்? சாஃப்ட்வேர்ல எனக்கு என்ன தெரியும்?

அப்பத்தான் அவனுக்கு உறைக்கட்டும்னு அந்தக் கோவில்பட்டிப் பொம்பள கதையச் சொன்னேன். பாரு, உன் ஒரு வரியப் பாத்து ஒரு குடும்பம் நர்சிங்க விட்டுட்டு நம்ம யுனிவர்சிட்டிக்கு வருது, அம்புட்டு மதிப்புன்னேன். அவன் சாப்புட்ட கைய அப்படியே வச்சிக்கிட்டான்.

“வெள்ளிக்கெழமைன்னா நாளைக்குலா?”

“ஆமா.”

“அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. உங்க பஸ்ஸு ரெண்டு ரெண்டரைக்குக் கோவில்பட்டி போயிரும். எறங்கிச் சொல்லிருங்கப்பா. தூத்துக்குடிக்கு அங்கயிருந்து ஒன்றரை மணி நேரந்தான்.”

“என்னன்னு சொல்ல?”

“பொய்னு சொல்லுங்க. எம்பேரச் சொல்லுங்க. என் நம்பரக் குடுங்க, நான் பேசுதேன்.” அதோட விட்டானா? “திங்கக்கெழமைக்குள்ள என் வரியத் திருத்திருங்க. இல்லன்னா சம்பளச் சீட்டோட நானே பதிவாளருக்கு எழுதிருவேன். உங்க பேரு வரும்பா. எனக்கு வேற வழி தெரியல.” குரலு ஏறவே இல்ல. அவ கணக்காவே பேசுதான், அந்த இசக்கியம்மாள் கணக்கா. எங்கயிருந்துதான் இப்படி வந்து சேருதுவளோ!

காலையில பைக்குல பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தான். டீ வாங்கிக் குடுத்தான். பஸ்ஸுல ஏத்திவிட்டு, கண்டக்டர்கிட்ட அவனே காசக் குடுத்து, “கோவில்பட்டி ஒண்ணு”ன்னு டிக்கெட்ட வாங்கி எங்கையில வச்சான். சரிப்பா, சொல்லிருதேன்னு நானும் சொன்னேன். சொல்லணும்னுதான் சார் இருந்தேன்.

போன் பண்ணிச் சொல்லலாமேன்னு கேக்கீயளா? பண்ணாம இருப்பேனா? திண்டுக்கல்ல வண்டி நின்னப்ப பண்ணுனேன். நம்பரு அந்தப் பொம்பள அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டுத்தான் போனா. எடுத்தா. “சார், நீங்களா சார்!”ன்னு ஒரு சத்தம். பின்னால பிள்ளை குரலு கேக்கு, “யாரும்மா, அந்த சாரா?”ன்னு. நான் வாயத் தொறந்தேன். ஹாஸ்டல் பாரம் வாங்கிட்டியளான்னு கேட்டேன். அதான் வந்துது வாயில. வாங்கிட்டோம் சார்னா. நல்லதும்மான்னு வச்சிட்டேன்.

நேருல போயி நின்னாதான் சொல்ல வரும், போன்ல வராது. அதான் நேருலயே போயிரலாம்னு. என்ன ஊரு இது? சாத்தூர் போயிட்டா? அப்போ இது கோவில்பட்டிதான். பாலம் தெரியுது. மணி என்ன? ரெண்டு இருபதா? நேரம் இருக்கு.

ஆனா ஒண்ணு கேக்கேன் சார், நீங்க ஞாயமாச் சொல்லுங்க. நர்சிங்குல மட்டும் என்ன கொட்டியா கெடக்கு? அந்தப் பிள்ளைக்குப் பிசிக்ஸ்தான புடிச்சிருக்கு. புடிச்சதப் படிக்கட்டுமே. அஞ்சு வருஷத்துல எது எப்படி மாறும்னு யாரு கண்டா? நான் போயி பொய்னு சொன்னா, அந்தத் தெருவுல நாலு பேரு கூடுவான். யுனிவர்சிட்டி ஆபீசரே வந்து பொய்னு சொன்னாரும்பான். ஏழு மாசம் சார். முப்பத்தோரு வருஷம் ஒரு பைசா வாங்காதவன் நான். எந்நெலமையில நீங்க இருந்தா என்ன பண்ணுவீய?

பஸ்ஸு நின்னுட்டுன்னு தெரியும் சார். என்ன, கால மடக்கி வழி விடுதீய? மடக்காதீங்க. சும்மா உக்காருங்க. என்னை ஏன் அப்படிப் பாக்கீய?

கண்டக்டர் தம்பி, இங்க வாங்க. இந்த டிக்கெட்டு இதோட முடியுது. திருநெல்வேலி ஒண்ணு குடுங்க.